மோட்டார் எஞ்சினில் நேர ஒழுங்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றிலே 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8ஆம் நாள் ஒரு பெருங்கேடு நேர்ந்த நாளாகும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரித்தானியக் கடற்படையின் 'வேலியன்ட்' என்னும் போர்க்கப்பல், 30,000 தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையது, அங்கிருந்த மிதக்கும் உலர்துறைக்குள் கொண்டுவரப்பட்டிருந்தது. மிதக்கும் உலர்துறை என்பது, பல நீர்த்தொட்டிகளைத் தன்னுள்ளே கொண்ட பெரியதோர் இரும்புத் தளம். தொட்டிகளில் நீரை நிரப்பினால் தளம் தாழும். கப்பல் அதனுள்ளே மிதந்து புகும். பின்னர் நீரை இறைத்து வெளியேற்றினால், தளம் கப்பலைத் தாங்கிக்கொண்டு மேலெழும்.

அன்று தளம் மேலெழுந்துகொண்டிருந்தது. கப்பலிலே வெடிமருந்துகள் நிறைந்திருந்தன. அதன் பாரம் எவ்விடத்தில் எவ்வளவு தங்கியிருந்ததோ, அதற்கேற்ற வரிசையில் தொட்டிகள் காலியாக்கப்படவில்லை. தளத்தின் முனைகள் தாங்கவியலாத அழுத்தத்துக்கு ஆளாயின. தளம் முறிந்து கடலில் அமிழ்ந்தது. கப்பலின் கொதிகலன்களில் நீராவி ஆயத்தமாக இருந்தமையால் அது முற்றாக அழியாமல் தப்பிற்று. ஆயினும் அதன் உந்துசுழலிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் சிக்கிப் பழுதுற்றன. அதன்பின் அக்கப்பல் போர்முனைக்குத் திரும்பவேயில்லை. 1948இல் அஃது உடைப்பதற்கென விற்கப்பட்டது.

அன்று நீரை இறைக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. எதனை முன்னே செய்வது, எதனைப் பின்னே செய்வது என்னும் ஒழுங்கு மட்டுமே தவறியது. அந்த ஒரு தவற்றினால் ஒரு பெருந்தளம் கடலடி சேர்ந்தது. இதே உண்மை, அளவிலே மிகச் சிறியதாய், திருகோணமலைத் தெருக்களில் ஓடும் மோட்டார் வண்டிகளின் எஞ்சினுக்குள்ளும் நொடிதோறும் நிலவுகின்றது. அங்கே ஒழுங்கைக் காப்பது ஒரு சங்கிலி, அல்லது இரண்டு விரல் அகலங்கூட இல்லாத ஓர் இறப்பர்ப் பட்டி. பின்னையதைத்தான் கராஜ்களில் டைமிங் பெல்ட் என்கிறார்கள். பற்கள் உடையதாதலால் அதனைப் பற்பட்டி எனத் தமிழிலே சொல்லலாம். அதன் வேலை யாது, அதன் ஒழுங்கைச் சோதிப்பது எவ்வாறு என்பதை வண்டி வைத்திருப்போரும் வண்டி ஓட்டுவோரும் அறிந்திருத்தல் நன்று.

மோட்டார் எஞ்சினின் சிலிண்டருக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழுமாக அசைகின்றது. அந்த அசைவு நான்கு வேலைகளாகப் பிரிந்திருக்கின்றது. முதலில் பிஸ்டன் கீழே இறங்க, காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. அடுத்து, பிஸ்டன் மேலேறி அதனை நெருக்குகின்றது. மூன்றாவதாக எரிபொருள் தீப்பற்றி, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. வண்டியை ஓட்டும் வலிமை இந்த ஒரு தள்ளலிலேதான் பிறக்கின்றது. நான்காவதாகப் பிஸ்டன் மறுபடியும் மேலேறிப் புகையை வெளியே தள்ளுகின்றது. ஜேர்மனியைச் சேர்ந்த நிக்கொலஸ் ஓட்டோ என்பவர் 1876இல் இந்த நான்கடி முறையை நன்கு இயங்கும் எஞ்சினாக்கிக் காட்டினார். இன்றைய பெற்றோல் எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களும் பெரும்பாலும் அந்த முறையிலேதான் இயங்குகின்றன.

காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் சிலிண்டரின் தலையிலே கதவுகள் வேண்டும். அவையே வால்வுகள். வீட்டுக் கதவைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, சாத்த வேண்டிய நேரத்தில் சாத்துவதற்கு வீட்டுக்காரர் இருக்கிறார். எஞ்சினுக்குள் அந்த வேலையைச் செய்வது காம் தண்டு. அத்தண்டிலே முட்டை வடிவான புடைப்புகள் உள்ளன. தண்டு சுழலும்போது புடைப்பு வந்து வால்வை அழுத்தித் திறக்கும். புடைப்பு நீங்கியதும் சுருள்வில் வால்வை மீண்டும் மூடிவிடும். பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்குவது கீழேயுள்ள கிராங்குத் தண்டு. கீழ்த்தண்டு இரண்டு முறை சுழன்றால் நான்கு வேலைகளும் ஒரு முறை நிறைவெய்தும். அந்த நேரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்தால் போதும். ஆகவே கீழ்த்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது மேல்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கே நேர ஒழுங்கின் அடிப்படை.

இந்தக் கணக்கை நிலைநாட்டுவது எளிது. கீழ்த்தண்டின் பற்சில்லில் 24 பற்கள் இருந்தால், மேல்தண்டின் பற்சில்லில் 48 பற்களை வைத்துவிட்டால் ஆயிற்று. இரண்டையும் ஒரு பட்டி இணைத்திருக்கும். ஆனால் கணக்குச் சரியாயிருப்பது மட்டும் போதாது; தொடங்கும் இடமும் சரியாயிருத்தல் வேண்டும். இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடந்தாலும், ஒருவர் இடக்காலையும் மற்றவர் வலக்காலையும் முதலில் எடுத்து வைத்தால் அணிநடை குலைந்துபோகும் அல்லவா? அதுபோலவே, எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் பொருந்துகின்றது என்பதிலேதான் எஞ்சினின் வாழ்வும் தாழ்வும் தங்கியிருக்கின்றன.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, கிராங்குத் தண்டு ஒரு நொடியில் 50 முறை சுழல்கின்றது. காம் தண்டு 25 முறை சுழல்கின்றது. அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்குள் 25 முறை திறந்து மூடுகின்றது. பிஸ்டன் மேலே வரும் கணத்தில் வால்வு விலகி நிற்கின்றது. வால்வு இறங்கும் கணத்தில் பிஸ்டன் கீழே போய்விடுகின்றது. இவை ஒன்றோடொன்று முட்டாமல் மணிக்கணக்காய் ஓடுவது, அந்தப் பட்டியின் பற்கள் தம் இடத்தை விட்டு நகராதிருப்பதனாலேயே.

முற்காலத்து வண்டிகளில் இந்த வேலையைச் சங்கிலியோ பற்சில்லுகளோ செய்துவந்தன. இலங்கை மக்கள் நன்கறிந்த மொரிஸ் மைனர் காரில், எஞ்சினின் முன்புறத்திலே ஒரு சிறு சங்கிலி எண்ணெயில் நனைந்தவாறு ஓடும். அதன் பற்சில்லுகள் இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி இடப்பட்டிருக்கும். அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் நோக்கி நின்றால் ஒழுங்கு சரியென்று பொருள். பழைய கைவினைஞர்கள் அந்த இரண்டு புள்ளிகளை வைத்தே தொழில் பழகினார்கள்.

பற்பட்டி பிறந்த இடம் மோட்டார் எஞ்சின் அன்று, தையல் இயந்திரம். 1940களில் அமெரிக்காவிலே, மேலே குத்தும் ஊசியையும் கீழே நூலைக் கோக்கும் பாகத்தையும் நழுவாமல் ஒன்றுபடுத்துவதற்காகப் பல்லுள்ள இறப்பர்ப் பட்டி ஆக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனியின் கிளாஸ் என்னும் நிறுவனம் தனது 1004 என்னும் காரில் அதனைக் காம் தண்டைச் சுழற்றப் பயன்படுத்தியது. 1966இல் இத்தாலியின் பியட் நிறுவனமும் அமெரிக்காவின் பொன்டியாக் நிறுவனமும் அவ்வழியில் இறங்கின. பட்டி ஓசையின்றி ஓடும், விலை குறைவு, அதற்கு எண்ணெய் வேண்டியதில்லை. ஆகவே 1980களிலும் 1990களிலும் வந்த ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அதுவே இடம்பெற்றது. அக்காலத்து டொயோட்டா டீசல் வான்களும் மிட்சுபிஷி டீசல் வான்களும் மாருதி 800 காரும் பற்பட்டியால் இயங்குவனவே. பின்வந்த கார்கள் பல மீண்டும் சங்கிலிக்குத் திரும்பியுள்ளன. மின்சாரக் காருக்கோ இரண்டும் தேவையில்லை. கடலிலே வள்ளங்களைச் செலுத்தும் ஈரடி வெளியிணைப்பு எஞ்சின்களிலும் காம் தண்டு இல்லை. ஆதலால் இத்தொல்லையும் அவற்றுக்கு இல்லை.

சங்கிலி மூப்படையும்போது 'கரகர' என ஒலித்துத் தன் நிலையை முன்னரே அறிவிக்கும். பட்டிக்கு அந்த வழக்கம் இல்லை. முதல் நாள் வரை நன்றாய் ஓடிய வண்டி, மறுநாள் ஒரு சொல்லும் சொல்லாமல் நடுவழியில் நின்றுவிடும். கீழ்த்தண்டு சுழன்றுகொண்டிருக்க, மேல்தண்டு நின்ற இடத்திலே நின்றுவிடுகின்றது. திறந்தபடி நின்ற வால்வுகளின் மீது பிஸ்டன்கள் வந்து மோதுகின்றன. சில பெற்றோல் எஞ்சின்களில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே போதிய இடம் விடப்பட்டிருப்பதனால், பட்டி அறுந்தாலும் மோதல் நேராது. புதுப் பட்டி போட்டதும் எஞ்சின் மீண்டும் ஓடும். டீசல் எஞ்சினில் அந்தச் சலுகை கிடைப்பது அரிது. டீசல் எஞ்சினிலே தீப்பொறி இல்லை. காற்றை அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 22இல் ஒரு பங்காக நெருக்கி, அந்த வெப்பத்திலேயே டீசலைத் தீப்பற்றச் செய்யும் பழைய வான் எஞ்சின்களில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் தலைக்கும் இடையே எஞ்சியிருப்பது மிகச் சிறிய இடைவெளியே. அங்கே ஒரு வால்வு திறந்து நின்றால் அது வளையாமல் தப்பாது.

இதன் பொருளை ஒரு வண்டிக்காரரின் நிலையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். மாலையில் கரை சேர்ந்த மீனைப் பனிக்கட்டியிட்டு ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் சந்தையைச் சேர வேண்டும் என்று புறப்படும் வண்டி, ஹபரணைக் காட்டருகே நள்ளிரவில் நின்றுபோனால் நிலை என்ன? அஃது யானைகள் தெருவைக் கடக்கும் இடம். பனிக்கட்டி கரையும், மீன் கெடும், வண்டியை இழுத்துவரக் கூலி வேண்டும். அதன்பின் எஞ்சினின் தலையைக் கழற்றி, வளைந்த வால்வுகளை மாற்றிச் சீர்செய்யும் செலவோ ஒரு புதுப் பட்டியின் விலையைப்போல் பன்மடங்கு. பயணிகளை ஏற்றிச் செல்லும் வான் நின்றால், குழந்தைகளும் முதியோரும் அந்த இருளிலே இறங்கி நிற்க நேரிடும்.

கிழமைக்கு இரண்டு முறை கொழும்பு போய்வரும் வண்டி, ஒரு கிழமையில் 1,040 கிலோமீற்றர் ஓடுகின்றது. ஆண்டொன்றில் ஐம்பது கிழமை ஓடினால் 52,000 கிலோமீற்றர். பழைய டொயோட்டா டீசல் வான்களில் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை பட்டியை மாற்றும்படி விதித்திருக்கிறார்கள். அந்தத் தூரம் வந்ததும் சாரதியின் முன்னே ஒரு விளக்கு எரிந்து நினைவூட்டும். மேற்சொன்ன வண்டிக்கு இரண்டு ஆண்டு நிறையுமுன்னரே அந்த நாள் வந்துவிடும். அந்த விளக்கை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அது பட்டியைப் பார்த்து எரிவதில்லை; ஓடிய தூரத்தை எண்ணி எரிகின்றது. பட்டியை மாற்றாமலே விளக்கை அணைத்துவிடவும் முடியும். கைமாறி வந்த வண்டியை வாங்குகிறவர், பட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுதல் நலம். பட்டி மாற்றிய திகதியையும் அப்போதைய கிலோமீற்றர்க் கணக்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எஞ்சினருகே ஒட்டிவைப்பது நல்ல வழக்கம்.

தூரம் ஓடாத வண்டியிலும் பட்டி மூப்படையும். இறப்பர் வெப்பத்தினால் இறுகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊறிக் கெடும். பட்டியின் உள்ளே வலிமை தருவது கண்ணாடி இழைகளால் முறுக்கிய நூல். அதனை மடித்தால் முறியும். கடற்காற்றின் உப்பு, பட்டியை இழுத்துப் பிடிக்கும் இரும்புச் சுருள்வில்லையும் மரையாணிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. ஆதலால் பட்டியைப் பற்றிய அறிவு முன்னைவிட இப்போது பயனுடையது.

பட்டி அறுவது வெளிப்படையான கேடு. அதனினும் நுட்பமானது, பட்டி அறாமல் ஒரு பல் மட்டும் தவறி நிற்பது. 24 பற்கள் உள்ள கீழ்ச்சில்லில் ஒரு பல் என்பது 360 பாகையில் 24இல் ஒரு பங்கு. அதாவது 15 பாகை. வால்வுகள் யாவும் கிராங்குத் தண்டின் கணக்கில் 15 பாகை முந்தியோ பிந்தியோ திறக்கும். அப்போதும் எஞ்சின் ஓடக்கூடும். ஆனால் அதன் ஓட்டம் நோயாளியின் நடை போன்றது. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. மேட்டில் ஏறத் திணறும். எரிபொருளை வீணாய்க் குடிக்கும். டீசல் எஞ்சினாயின் அதே பட்டி டீசல் பம்பியையும் சுழற்றுவதால், பம்பியின் சில்லில் ஒரு பல் தவறினாலும் புகை மிகும், ஓசை கடுமையாகும். இக்குறிகளைக் கண்டு, பம்பி பழுது, வடிகட்டி அடைப்பு என்று ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பணத்தைச் செலவிட்டவர்கள் பலர். அண்மையில் பட்டி மாற்றிய வண்டி, மாற்றிய நாளிலிருந்தே சோர்ந்து ஓடுமாயின், முதலில் ஐயுற வேண்டியது பற்களின் பொருத்தத்தையே.

இனி, சோதிக்கும் முறையைக் காணலாம். எஞ்சின் நன்றாய் ஆறியிருத்தல் வேண்டும். பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தவறுதலாகச் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் சுழலாதிருப்பதற்காகவே இந்தக் காவல். பெற்றோல் எஞ்சினாயின் பிளக்குகளைக் கழற்றினால் கையாற் சுழற்றுவது எளிதாகும். பின்னர்ப் பட்டியை மூடியுள்ள உறையை அகற்றுதல் வேண்டும். கிராங்குத் தண்டின் முனையிலுள்ள பெரிய மரையாணியில் ஸ்பனரைப் பூட்டி, எஞ்சின் இயல்பாய் எத்திசையில் ஓடுமோ அத்திசையிலேயே மெல்லச் சுழற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் பட்டியின் தளர்ச்சி இடம் மாறிப் பல் தாண்டிவிடக்கூடும்.

முதலாம் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, கீழ்ச்சில்லில் உள்ள குறி எஞ்சின் உடலிலுள்ள குறிக்கு நேரே வந்து நிற்கும். அப்போது மேற்சில்லின் குறியும் தலையிலுள்ள குறிக்கு நேரே நிற்றல் வேண்டும். டீசல் எஞ்சினில் பம்பிச் சில்லின் குறியும் அவ்வாறே நிற்றல் வேண்டும். குறிகள் எங்கே உள்ளன, எவ்வடிவின என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அந்த எஞ்சினுக்குரிய கைந்நூலைப் பார்த்தே அறிதல் வேண்டும். குறிகளைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாகாது. சுவர்க் கடிகாரத்தைச் சாய்வாகப் பார்ப்பவருக்கு நேரம் ஒன்றிரண்டு நிமிடம் பிழையாய்த் தோன்றுவதுபோல், சாய்ந்து பார்ப்பவருக்கு அரைப் பல் பிழையும் சரியாய்த் தோன்றும்.

இங்கே புதியவர்கள் மயங்குவதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. கீழ்க்குறி நேரே நிற்க, மேற்குறி முற்றிலும் எதிர்ப்புறம் நிற்பதைக் கண்டு, பட்டி பிழையாய்ப் போடப்பட்டுள்ளது என்று அஞ்சுவது முதலாவது. அஃது அச்சத்துக்குரியதன்று. கீழ்த்தண்டு இரண்டு சுற்றும்போதுதான் மேல்தண்டு ஒரு சுற்றை முடிக்கின்றது. ஆகவே கீழ்க்குறி இரண்டு முறை நேர்வந்தால் மேற்குறி ஒரு முறையே நேர்வரும். இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எல்லாம் தம் இடத்துக்கு வந்துவிடும். இரண்டாவது, வெளிக்கப்பியில் தீப்பொறி நேரத்தைக் காட்டுவதற்காக இடப்பட்ட கோட்டைப் பிஸ்டன் உச்சிக்குறி என்று தவறாய் எண்ணுவது. அந்தக் கோடு உச்சிக்குச் சில பாகைகள் முன்னரே நேர்வருவது. அதனை வைத்துப் பட்டியைப் பொருத்தினால், கவனத்தோடு செய்த வேலையும் பிழையாகும்.

பழைய பட்டியைக் கழற்றியபின் மேல்தண்டையும் கீழ்த்தண்டையும் தனித்தனியே சுழற்றலாகாது. இப்போது அவற்றை ஒன்றுபடுத்த எதுவும் இல்லை. வால்வும் பிஸ்டனும் கையால் சுழற்றும்போதே முட்டிக்கொள்ளலாம். சுருள்வில்லின் அழுத்தத்தால் மேற்சில்லு தானாகவே சற்று நழுவுவதும் உண்டு. அதனை மெல்லத் திருப்பிக் குறிக்குக் கொண்டுவர வேண்டும். பட்டி நீங்கியிருக்கும் இந்த நேரத்திலே இறுக்கும் கப்பியைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் பெயரிங் உரசி ஒலித்தாலோ தள்ளாடினாலோ அதனையும் மாற்றுதல் வேண்டும். ஒயில் சீல்களில் கசிவு உண்டா, பட்டியால் ஓடும் நீர்ப்பம்பியில் ஈரம் உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். பழைய கப்பி சிதைந்து புதுப் பட்டியை அறுத்துவிடுவது கராஜ்களில் அறியாத செய்தியன்று.

புதுப் பட்டியில் அம்புக்குறி இருந்தால் அஃது எஞ்சின் ஓடும் திசையை நோக்க வேண்டும். கீழ்ச்சில்லில் தொடங்கி, இழுபடும் பக்கத்தில் ஒரு சிறிதும் தளர்ச்சி இல்லாதவாறு மேலே கொண்டுசென்று, எஞ்சிய தளர்ச்சி முழுவதும் இறுக்கும் கப்பியின் பக்கத்தில் வந்து சேரும்படி மாட்டுதல் வேண்டும். இழுபடும் பக்கத்தில் தளர்ச்சி நின்றால், குறிகள் இப்போது நேராய்த் தோன்றினும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு பல் விலகியதாகவே வெளிப்படும். ஆணிமுடுக்கி கொண்டு நெம்பிப் பட்டியை ஏற்றுவது அதன் இழைகளைக் காயப்படுத்தும். பின்னர் இறுக்கும் கப்பியைத் தளர்த்திவிட, அதன் சுருள்வில் பட்டியை வேண்டிய அளவுக்கு இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பட்டி ஊளையிடும், பெயரிங்குகள் தேயும். இறுக்கம் குறைந்தால் பற்கள் தாண்டும்.

இதற்குப் பின்வருவதே இவ்வேலையின் உயிர்நாடி. உறையை மூடுமுன், சாவியைத் தொடுமுன், எஞ்சினைக் கையாலே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுதல் வேண்டும். ஒரு சுற்றன்று, மேல்தண்டு தன் ஒரு சுற்றை முடிப்பதற்கு இரண்டு சுற்று வேண்டும். இடையிலே கைக்குக் கடினமாய் ஏதேனும் தட்டுப்பட்டால், ஸ்பனரை அழுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். வால்வின்மேல் பிஸ்டன் அமர்ந்திருக்கலாம். கையால் சுழற்றும்போது உணர்ந்து நிறுத்திக்கொள்ள வழியுண்டு. ஸ்டார்ட்டர் சுழற்றினால் அது நிற்காது. வால்வை வளைத்த பின்னரே அறிய வரும். இரண்டு சுற்று முடிந்ததும் குறிகள் யாவும் மீண்டும் நேரே நின்றால் வேலை சரி. ஒன்று அரைப் பல் விலகியதுபோல் தோன்றினாலும் பட்டியைக் கழற்றி மறுபடியும் தொடங்குதலே முறை. 'பதறாத காரியம் சிதறாது' என்பது இந்த வேலைக்கென்றே சொன்ன பழமொழி போலும்.

சில புதுப் பட்டிகளில் வெள்ளைக் கோடுகள் இடப்பட்டிருக்கும். அவற்றைச் சில்லுகளின் குறிகளோடு பொருத்தி மாட்டுவது எளிது. ஆனால் எஞ்சினைச் சுழற்றியபின் அக்கோடுகள் பழைய இடத்துக்கு வருவதில்லை. இதனைக் கண்டு திகைப்போர் உண்டு. எடுத்துக்காட்டாக, 121 பற்கள் உள்ள ஒரு பட்டியைக் கொள்ளலாம். கீழ்ச்சில்லு இரண்டு முறை சுழல, பட்டி 48 பற்கள் நகர்கின்றது. 48க்கும் 121க்கும் பொது வகுத்தி இல்லை. ஆகவே பட்டியின் கோடும் சில்லுகளின் குறிகளும் ஒருங்கே நேர்வர, கிராங்குத் தண்டு 242 முறை சுழல வேண்டும். பட்டியின் கோடு மாட்டும் நேரத்துக்கு மட்டும் உதவும் கைத்தடி. உண்மையைச் சொல்லும் சான்று சில்லுகளின் குறிகளே.

பற்களின் ஒழுங்கோடு இன்னொரு நேர்மையும் உண்டு. அது பட்டி சில்லுகளின் நடுவே, பக்கம் சாயாமல் ஓடுவது. உறைக்குள்ளே கரிய இறப்பர்த் தூள் கிடந்தாலோ, பட்டியின் ஒரு விளிம்பு மட்டும் பிசிறு பிசிறாய்த் தேய்ந்திருந்தாலோ, பட்டி ஒருபுறம் சாய்ந்து ஓடுகின்றது என்று அறியலாம். இறுக்கும் கப்பியின் பெயரிங் ஆடுதல், அதனைத் தாங்கும் மரையாணி வளைதல், சில்லு தன் ஆப்பின்மேல் முழுதும் அமராதிருத்தல், கீழ்ச்சில்லின் முன்னுள்ள காப்பு வளையத்தைத் திருப்பிப் போடுதல் ஆகியவை இதற்குரிய காரணங்கள். நேரான ஓர் இரும்புச் சட்டத்தைச் சில்லுகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் எது முன்னே துருத்தி நிற்கின்றது, எது உள்ளே ஒடுங்கியுள்ளது என்பது புலனாகும். காரணத்தைத் தீர்க்காமல் பட்டியை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதன் வழியிலேயே போகும்.

வண்டிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இவ்வேலையைத் தாமே செய்ய வேண்டியதில்லை. ஊரார் மதிப்போடு 'பாஸ்' என்று அழைக்கும் தேர்ந்த கைவினைஞர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். ஆனால் வேலை நடக்கும்போது அருகே நிற்பவர் இரண்டு செய்திகளைக் கேட்கலாம். கப்பியைச் சுழற்றிப் பார்த்தாயிற்றா என்பது ஒன்று. கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளைப் பார்த்தாயிற்றா என்பது மற்றொன்று. நல்ல கைவினைஞர் அக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார். குறிகளைத் தாமே சுட்டிக் காட்டுவார். அதே வேளை, வண்டிக்காரரும் 'மாலைக்குள் வண்டி வேண்டும், விரைவாய் முடியுங்கள்' என்று நெருக்காதிருத்தல் வேண்டும். அந்த இரண்டு சுற்றுக்கு வேண்டிய நேரம் சில நிமிடங்களே. விரைவு வேண்டும் என்னும்போது முதலில் கைவிடப்படுவதும் அந்தச் சில நிமிடங்களே.

1944இல் மிதக்கும் உலர்துறைத் தொட்டிகளின் வரிசை தவறியபோது அதனைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. தளம் முறியத் தொடங்கியபின் எந்தப் பம்பியாலும் அதனைக் காத்திருக்க முடியாது. எஞ்சினிலோ அவகாசம் உண்டு. உறை திறந்திருக்கும் வரையிலும், சாவி திருப்பப்படாத வரையிலும், எந்தப் பிழையையும் செலவின்றித் திருத்திக்கொள்ளலாம். குறிகள் நேரே நிற்பதைக் கண்ணாரக் கண்டபின் மூடிய எஞ்சின், ஹபரணைக் காட்டு வழியிலே நள்ளிரவிலும் தன் ஒழுங்கு பிறழாமல் ஓடும். அதனை நம்பி ஏறியவர்கள் விடியற்காலையில் தாம் சேர வேண்டிய இடத்தைச் சேர்வார்கள்.